மின்னோட்டம் அளவுக்குள்தான் இருக்கிறது. மோட்டார் மட்டும் ஏன் இவ்வளவு சூடாகிறது?

கேள்வி: ஆலைப் பராமரிப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். என் பொறுப்பில் உள்ள திருகு கன்வேயர் ஒன்றை 22 கிலோவாட், நான்கு துருவ, வெளிவிசிறி வைத்த மூடிய மோட்டார் கியர்பாக்ஸ் வழியாக இயக்குகிறது. நேரடி மின்வழங்கலில், 50 ஹெர்ட்ஸில், பல ஆண்டுகள் எந்தத் தொல்லையும் தராமல் ஓடிய மோட்டார் அது. பொருளைச் சீராக ஊட்ட வேண்டும் என்பதற்காக அண்மையில் அதற்கு விஎஃப்டி (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்) பொருத்தினோம். இப்போது பெரும்பாலான நேரம் 18 ஹெர்ட்ஸில் ஓடுகிறது.

நேம்பிளேட்டில் முழுச்சுமை மின்னோட்டம் 40 ஆம்பியர் என்று உள்ளது. டிரைவின் திரையில் 36 ஆம்பியருக்கு மேல் நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஓடத் தொடங்கிய ஒன்றரை மணி நேரத்தில், சுருளுக்குள் பதித்திருக்கும் பிடிசி தெர்மிஸ்டர் என்ற வெப்ப உணரி மோட்டாரை நிறுத்திவிடுகிறது. மூன்று கட்டங்களின் மின்னோட்டமும் சமமாக இருக்கிறது, பேரிங்கில் ஓசை இல்லை, கன்வேயரைக் கழற்றிப் பார்த்ததில் எங்கும் உராய்வும் இல்லை. மின்காப்பு எஃப் வகுப்பு. மோட்டார் இருக்கும் அறையின் வெப்பம் நண்பகலில் 38 டிகிரி வரை ஏறும்.

வேகம் குறைந்திருக்கிறது, மின்னோட்டமும் அளவுக்குள் இருக்கிறது, மோட்டார் தரும் திறனோ மூன்றில் ஒரு பங்குதான். அப்படியானால் வெப்பமும் குறையத்தானே வேண்டும்? தெர்மிஸ்டர் கெட்டிருக்கலாம், அதைத் துண்டித்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று உடன் பணிபுரிபவர் ஒருவர் சொன்னார். காரணம் தெரியாமல் அதைச் செய்ய நான் ஒப்பவில்லை. இன்னொரு ஐயமும் உண்டு. பெரிய மின்நிலைய ஜெனரேட்டர்களை ஹைட்ரஜனாலும் தண்ணீராலும் குளிர்விக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். ஒரே இயற்பியல்தான் என்றால், அங்கே அவ்வளவு ஏற்பாடு எதற்கு, இங்கே ஒரு விசிறி மட்டும் எப்படிப் போதுமாகிறது என்பதையும் யாராவது விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில்: டிரைவ் பொருத்துபவர்

ஐயா, தெர்மிஸ்டரைத் துண்டிக்க மறுத்தீர்களே, அதனால்தான் அந்த மோட்டார் இன்னும் எரியாமல் இருக்கிறது. அது பழுதாகவில்லை, தன் வேலையைச் செய்கிறது.

மோட்டார் வெளியே தரும் திறனைப் பார்த்து வெப்பத்தைக் கணிக்கக் கூடாது. வெப்பமாக மாறுவது இழப்பு மட்டுமே. உங்கள் மோட்டாரின் செயல்திறன் முழுச் சுமையில் 93 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 22 கிலோவாட் தர அது 23.66 கிலோவாட் எடுக்கிறது. இடையில் உள்ள 1.66 கிலோவாட்டை உடற்கூடு வெளியேற்றியாக வேண்டும். அதில் பாதிக்கு மேல் ஸ்டேட்டர் எனும் அசையாப் பகுதியின் சுருளிலும் ரோட்டார் எனும் சுழலும் பகுதியின் கம்பிகளிலும் உண்டாகிறது. அந்த இழப்பு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் குறைவதால் அது குறையாது. உங்களுடைய 36 ஆம்பியர் என்பது முழு மின்னோட்டத்தில் 0.9 பங்கு, அதன் இருமடி 0.81. ஆகவே கம்பிகளில் உண்டாகும் வெப்பம் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அப்படியே இருக்கிறது. இரும்பு இழப்பும் உராய்வும் வேகத்தோடு நன்றாகக் குறைவதால், மொத்த இழப்பு முழுச் சுமையின் 60 முதல் 65 சதவீதம், அதாவது ஒரு கிலோவாட்டை ஒட்டி இருக்கும் என்பது என் மதிப்பீடு.

இனி விசிறிக்கு வருவோம். அது மோட்டாரின் தண்டிலேயே பொருத்தப்பட்டது. காற்றின் அளவு வேகத்துக்கு நேர் விகிதத்திலும் காற்றழுத்தம் வேகத்தின் இருமடியிலும் மாறும். 18 ஹெர்ட்ஸில் காற்று 36 சதவீதமாகவும், அதைத் தள்ளும் அழுத்தம் வெறும் 13 சதவீதமாகவும் இறங்கிவிடுகின்றன. உடற்கூட்டில் வரிவரியாக நீட்டியிருக்கும் ஃபின்களின் மேல் ஓடும் காற்று வெப்பத்தை எடுத்துச் செல்லும் திறன் தோராயமாக வேகத்தின் 0.8 மடிப்படி குறைகிறது. கணக்குப் போட்டால் அது 0.44 பங்காகிறது. வெப்பம் 0.62 பங்கு, அதைக் கடத்தும் திறன் 0.44 பங்கு. உடற்கூட்டுக்கும் அறைக் காற்றுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாடு முன்பிருந்ததைப் போல் 1.4 மடங்காகிறது என்பதே இதன் பொருள். அதோடு இது நிற்பதில்லை. ரோட்டாரின் இரு முனைகளிலும் உள்ள சிறு இதழ்கள் மோட்டாருக்குள் இருக்கும் காற்றைக் கலக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுருள் முனைகளிலிருந்து வெப்பத்தை வாங்கி உடற்கூட்டுக்குக் கொடுக்கின்றன; அந்தக் கலக்கலும் இப்போது மந்தமாகிவிட்டது. செம்பு 100 டிகிரியிலிருந்து 140 டிகிரிக்கு ஏறும்போது அதன் மின்தடை 12 சதவீதம் கூடுகிறது, ஆகவே அதே மின்னோட்டமே மேலும் வெப்பத்தைத் தருகிறது. ஒன்று மற்றொன்றைத் தூக்கிவிடுகிறது. இத்தனையும் நடக்கும்போது டிரைவின் திரையில் 36 ஆம்பியர் மட்டுமே தெரியும். அந்த எண்ணில் குளிர்ச்சி எங்கும் இல்லை.

தீர்வு என்று கேட்டால், தனிக் காற்றூதியான பிளோயரைப் பற்றிப் பேசும் முன் கியர்பாக்ஸைப் பாருங்கள் என்றே சொல்வேன். கன்வேயருக்கு எப்போதும் இந்தக் குறைந்த வேகம்தான் தேவை என்றால், கியர் விகிதத்தை மாற்றி, மோட்டாரை 45 ஹெர்ட்ஸுக்கு அருகில் ஓடவிட்டு அதே கன்வேயர் வேகத்தைப் பெறலாம். விசிறியின் காற்று திரும்பக் கிடைப்பதோடு, மோட்டார் தர வேண்டிய முறுக்குவிசையும் குறைவதால் மின்னோட்டம் வெகுவாக இறங்கிவிடும். இதைவிட நல்ல குளிர்விப்பு முறை வேறில்லை. அது இயலாதபோதுதான் தனி மோட்டாரில் ஓடும் பிளோயர் தேவைப்படும். மோட்டார் குளிர்விப்பு முறைகளுக்கான ஐஇசி 60034-6 என்ற சர்வதேசத் தரத்தின் குறியீட்டில் உங்களிடம் உள்ளது ஐசி 411; தனி பிளோயர் வைத்தால் அது ஐசி 416 ஆகும்.

இடையில் ஒன்றைச் சரிபாருங்கள்: டிரைவில் குறைந்த வேகத்தில் முறுக்குவிசைக்காக மின்னழுத்தத்தை உயர்த்தும் டார்க் பூஸ்ட் எவ்வளவு வைத்திருக்கிறது? தொடங்கும்போது திணறக் கூடாது என்று அதைத் தேவைக்கு மேல் ஏற்றிவைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அப்போது இரும்பு நிறைவுற்று, காந்தமாக்கும் மின்னோட்டம் வீணாக ஏறுகிறது.

பதில்: ரீவைண்டிங் பட்டறை

மேலே நண்பர் சொன்னது உடற்கூட்டுக்கு வெளியே நடப்பது. உள்ளே நடப்பதை நான் சொல்கிறேன். எரிந்த மோட்டார்கள் கடைசியில் வந்து சேருவது எங்களிடம்தானே.

செம்பில் உண்டாகும் வெப்பம் முதலில் கம்பியின் எனாமலைக் கடக்க வேண்டும், பிறகு வார்னிஷ், அதன்பின் சுருள் அமர்ந்திருக்கும் பள்ளமான ஸ்லாட்டின் உட்தாள், பிறகு இரும்புத் தகடுகள், பிறகு தகட்டடுக்குக்கும் உடற்கூட்டுக்கும் இடையிலுள்ள பொருத்தம், கடைசியாகத்தான் ஃபின். செம்பின் வெப்பங்கடத்தும் திறனோடு ஒப்பிட்டால் மின்காப்புத் தாளும் வார்னிஷும் ஏறத்தாழ 2000 மடங்கு குறைவாகக் கடத்துபவை. அசையாத காற்று அவற்றைவிடவும் மோசம். எனவே வார்னிஷ் நன்றாக ஊறாமல் ஸ்லாட்டுக்குள் காற்றுப் பைகள் தங்கிவிட்டால், வெளியே எத்தனை பெரிய விசிறி வைத்தாலும் செம்பின் சூடு இறங்காது. ஒரே மோட்டாரை இரண்டு பட்டறைகளில் கட்டினால் ஒன்று குளிர்ச்சியாகவும் மற்றொன்று சூடாகவும் ஓடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். சுருளை முன்கூட்டியே சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிட்டு, வார்னிஷில் குமிழி நிற்கும் வரை முக்கிவைத்து, சுட்டு எடுத்து, மறுபடியும் ஒருமுறை முக்குவோம். வெற்றிடத்தில் வைத்து அழுத்தத்தோடு ஊட்டும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் மோட்டார் பலகாலம் நன்றாக ஓடியது என்கிறீர்கள். ஆகவே உள்ளே குறை இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். மோட்டார் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது இரண்டு முனையங்களுக்கு இடையிலான மின்தடையை நான்கு கம்பி முறையில் அளக்கும் மில்லி ஓம் மீட்டரால் எடுத்துக்கொள்ளுங்கள். அறை வெப்பத்தையும் குறித்துவையுங்கள். பிறகு மோட்டாரை ஓட்டி, டிரிப் ஆகும் (தெர்மிஸ்டர் நிறுத்தும்) நிலைக்கு வந்ததும் நிறுத்தி, டிரைவைத் தனிமைப்படுத்தி, மின்னேற்றம் இறங்கிவிட்டதை உறுதிசெய்த பின் அதே முனையங்களில் மீண்டும் அளக்க வேண்டும். இந்த அளவுள்ள மோட்டாருக்கு, நிறுத்திய 30 நொடிக்குள் முதல் அளவு எடுத்தாக வேண்டும் என்பது தரநிலை. அவ்வளவு விரைவாக முடியாதென்றால் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பல அளவுகள் எடுத்து, வரைபடத்தைப் பின்னோக்கி நீட்டி, நிறுத்திய கணத்தின் மதிப்பைக் கண்டுகொள்ளலாம். குளிர்ந்த வெப்பநிலையோடு செம்புக்குரிய மாறிலியான 235ஐக் கூட்டி, சூடான மின்தடையைக் குளிர்ந்த மின்தடையால் வகுத்த விகிதத்தால் பெருக்கி, மறுபடியும் 235ஐக் கழித்தால் சுருளின் சராசரி வெப்பநிலை வந்துவிடும். மிகச் சூடான இடம் அதைவிட 10 டிகிரியாவது கூடுதலாக இருக்கும் என்று கொள்ளுங்கள்.

எஃப் வகுப்பின் எல்லை 155 டிகிரி. சுற்றுப்புறம் 40, ஏற்றம் 105, சூடான இடத்துக்கு ஒதுக்கீடு 10 என்ற கணக்கு அது. எல்லைக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் மின்காப்பின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் நெடுங்காலமாகப் புழங்கும் விதி. அதனால்தான் எஃப் வகுப்பு மின்காப்பு வைத்துவிட்டு, ஏற்றத்தை பி வகுப்புக்குரிய 80 டிகிரிக்குள் நிறுத்தும் மோட்டார்களை நான் விரும்புகிறேன்.

எரிந்த சுருளின் நிறமும் காரணத்தைச் சொல்லும். டெல்டா இணைப்பில் ஒரு கட்டத்தின் சுருள்கள் மட்டும் கருகியிருந்தாலோ, ஸ்டார் இணைப்பில் இரண்டு கட்டங்கள் கருகியிருந்தாலோ, ஒரு கட்ட மின்சாரம் அறுந்து ஓடியிருக்கிறது என்று பொருள். மூன்று கட்டங்களும் ஒரே சீராக, தேன் நிறத்திலிருந்து அடர் பழுப்பாகி, நகத்தால் சுரண்டினால் வார்னிஷ் பொடியாக உதிர்ந்தால், அது மிகைச்சுமை அல்லது குளிர்ச்சியின்மை. பின்னதைத்தான் விஎஃப்டி பொருத்திய மோட்டார்களில் அதிகம் பார்க்கிறேன்.

ஃபேன் கவரைக் கழற்றி ஃபின்களின் அடிவரை பார்த்தீர்களா? மேலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். டெர்மினல் பாக்ஸுக்கு அடியிலும் கீழ்ப்பக்கத்திலும் தூசியும் எண்ணெயும் குழைந்து களிமண்போல் இறுகியிருக்கும்.

கேள்வியாளர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே செய்தேன்.

குளிர்ந்த நிலையில் 25 டிகிரியில் 0.240 ஓம். டிரிப் ஆனவுடன் எடுத்த அளவுகளைப் பின்னோக்கி நீட்டியதில் 0.346 ஓம் வந்தது. விகிதத்தை 260ஆல் பெருக்கி 235ஐக் கழித்தால் 140 டிகிரிக்கு மிக அருகில் நிற்கிறது. சூடான இடம் 150ஐத் தாண்டியிருக்கும் என்றால், தெர்மிஸ்டர் பொய் சொல்லவில்லை.

ஃபேன் கவரைக் கழற்றியபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. கம்பிவலையின் கீழ்ப்பாதி தூசிப் படலத்தால் மூடியிருந்தது. அடிப்பக்க ஃபின்களில் இடைவெளியே தெரியவில்லை. மரச்சில்லை வைத்துச் சுரண்டியபோது ஃபின்னின் அச்சு பதிந்த நீளநீளமான கட்டிகளாகப் பெயர்ந்து வந்தன. 50 ஹெர்ட்ஸில் காற்று மிகுதியாக இருந்ததால் இத்தனை காலம் இது தெரியாமல் போயிருக்கிறது. சுத்தம் செய்து, மிகையாக இருந்த பூஸ்டையும் இறக்கி, மறுபடி ஓட்டியதில் மின்தடை 0.331 ஓம், அதாவது 124 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. இப்போது டிரிப் ஆகவில்லை. ஆனால் கோடை உச்சத்தில் என்ன ஆகுமோ என்ற அச்சம் போகவில்லை.

கியர் விகித யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. எனினும் ஒவ்வொரு முறை பொருள் மாற்றும்போதும் கன்வேயரைக் காலிசெய்ய, இப்போதுள்ள கியரில் 50 ஹெர்ட்ஸ் தரும் முழு வேகத்தில் ஓட்டவேண்டியிருப்பதால் அது எங்களுக்குப் பொருந்தாது. பிளோயர்தான் வழி என்று நினைக்கிறேன்.

பதில்: பம்பு இயக்குநர்

எங்களிடம் இதேபோல் சூடான ஒரு மோட்டாருக்கு எதிரே நின்ற நிலை விசிறி ஒன்றை வைத்தோம். அதன்பின் சிக்கல் இல்லை. செலவில்லாத வழி என்பதால் சொல்கிறேன். ஈரத் துணி போடுவோரும் உண்டு.

பதில்: டிரைவ் பொருத்துபவர்

அவசரத்துக்கு ஓரிரு நாள் நின்ற நிலை விசிறி உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதன் காற்று பரந்து சிதறும். ஃபின்களின் இடுக்கில் நீளவாக்கில் ஓடாது. ஃபேன் கவரின் வேலையே காற்றைத் திருப்பி, உடற்கூட்டை ஒட்டி ஓடவிடுவதுதான். கவரின் விளிம்பு நசுங்கியிருந்தாலே தொலைமுனைப் பேரிங்குக்குக் காற்று எட்டாது. மேலும், அந்த விசிறியின் பிளக்கை யாராவது கழற்றிவிட்டால் மோட்டாருக்கு அது தெரியாது. ஈரத் துணியும் தண்ணீர் தெளிப்பதும் வேண்டவே வேண்டாம். மோட்டார் ஆறும்போது உட்காற்று சுருங்கி, தண்டுச் சந்து வழியாக ஈரத்தை உள்ளே இழுக்கும்.

பிளோயர் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை. தண்டில் உள்ள பழைய விசிறியைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அது பிளோயர் தள்ளும் காற்றுக்குக் குறுக்கே நிற்கும். பிளோயருக்கு மின்சாரம் டிரைவுக்கு முன்னாலிருந்து, மின்வழங்கலிலிருந்து நேராக எடுக்கப்பட வேண்டும். டிரைவின் வெளியீட்டிலேயே அதையும் இணைத்துவிட்டு, 18 ஹெர்ட்ஸில் பிளோயரும் சேர்ந்து மந்தமாகச் சுற்றியதை ஓரிடத்தில் நானே பார்த்தேன். செய்த வேலை அத்தனையும் வீணாயிற்று. மூன்று கட்ட பிளோயர் என்றால் சுழல் திசையைச் சரிபாருங்கள். திசை மாறினாலும் அது ஓடும், ஓசையும் வரும், ஆனால் காற்று பெருமளவு குறைந்திருக்கும். காற்று ஃபின்களின் மேல் வெளியேறுகிறதா என்று ஒரு தாள் துண்டை நீட்டிப் பார்ப்பது போதும். பிளோயர் ஓடாவிட்டால் டிரைவ் தொடங்கக் கூடாது என்று இன்டர்லாக் வையுங்கள். பிளோயருக்கு மின்சாரத்தை இணைக்கும் கன்டாக்டரின் துணைத் தொடுப்பைவிடக் காற்றோட்ட ஸ்விட்ச் மேலானது. கன்டாக்டர் மூடியிருந்தும் பிளோயரின் மோட்டார் எரிந்திருக்கலாம் அல்லவா? நிறுத்திய பிறகும் பத்து நிமிடமாவது பிளோயர் ஓடட்டும்.

பதில்: மின்நிலைய ஜெனரேட்டர் பிரிவு

கேள்வியின் இரண்டாம் பகுதியை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

500 மெகாவாட் ஜெனரேட்டர் ஒன்றின் செயல்திறன் 98.8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்க மிக உயர்வாக இருக்கிறது. ஆனால் மீதி 1.2 சதவீதம் என்பது 6 மெகாவாட் வெப்பம். ஒரே உடற்கூட்டுக்குள், இடைவிடாமல். இயந்திரம் பெரிதாகும்போது கன அளவு மும்மடியிலும் மேற்பரப்பு இருமடியிலும் வளர்கின்றன. வெப்பம் கன அளவில் பிறக்கிறது, வெளியேறுவதோ பரப்பு வழியாக. ஆகவே உங்கள் 22 கிலோவாட் மோட்டாருக்குப் போதுமான ஃபின் முறை இங்கே நினைத்துப் பார்க்கவும் முடியாதது. ஒரு கன மீட்டர் காற்று ஒரு டிகிரி சூடாக எடுத்துக்கொள்வது சுமார் 1.2 கிலோஜூல்தான். 30 டிகிரி ஏற்றத்துக்கு இடங்கொடுத்தாலும், 6 மெகாவாட்டைக் காற்றாலேயே எடுக்க நொடிக்கு ஏறத்தாழ 167 கன மீட்டர் காற்றை அந்தக் குறுகிய வழிகளில் தள்ள வேண்டும். அதே வேலையைத் தண்ணீர் செய்தால் நொடிக்கு 48 லிட்டர் போதும். கன அளவுக்குக் கன அளவு தண்ணீர் காற்றைப் போல் சுமார் 3500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் தண்ணீரையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். ரோட்டார்தான் தடை. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் 1.1 மீட்டர் விட்டமுள்ள ரோட்டாரின் மேற்பரப்பு நொடிக்கு 170 மீட்டருக்கு மேல் விரைகிறது. அதைச் சூழ்ந்திருக்கும் வாயுவைக் கிழித்துக்கொண்டு சுற்றுவதிலேயே பெரும் இழப்பு ஏற்படுகிறது. அந்த இழப்பு வாயுவின் அடர்த்தியைப் பொறுத்தது. ஹைட்ரஜனின் அடர்த்தி காற்றில் பதினான்கில் ஒரு பங்கு, வெப்பங்கடத்தும் திறனோ காற்றைப் போல் சுமார் ஏழு மடங்கு. இழப்பையும் குறைத்து வெப்பத்தையும் வாங்கும் வாயு வேறு எது? ஹைட்ரஜனால் குளிர்விக்கப்பட்ட முதல் டர்போ ஜெனரேட்டர் (டர்பைன் சுழற்றும் அதிவேக ஜெனரேட்டர்) 1937இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் இயங்கத் தொடங்கியது. ஆக்ஸிஜன் இல்லாததால் ஓசோன் உண்டாவதில்லை, மின்காப்பும் நீடித்து உழைக்கிறது என்பது கூடுதல் பயன். அழுத்தத்தை உயர்த்தினால் அதே கன அளவு வாயு இன்னும் அதிக வெப்பத்தைச் சுமக்கும். எனவே பெரிய இயந்திரங்களில் பல பார் அழுத்தத்தில் நிரப்புகிறார்கள்.

தூய்மை பற்றி ஒரு சொல். எங்கள் கட்டுப்பாட்டு அறையில் நான் முதலில் பார்க்கும் எண் அதுதான். ஹைட்ரஜன் காற்றோடு 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருக்கும்போது வெடிக்கக்கூடியது. 98 சதவீதத் தூய்மையில் நாம் அந்த எல்லையிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறோம். ஆனால் பாதுகாப்பு மட்டுமே காரணமன்று. தூய ஹைட்ரஜனில் கன அளவில் 2 சதவீதம் காற்று கலந்தாலே கலவையின் அடர்த்தி 27 சதவீதம் ஏறிவிடுகிறது, ஏனென்றால் உள்ளே வந்த காற்று பதினான்கு மடங்கு கனமானது. தூய்மை இறங்குவது நேராக இழப்பாக மாறுகிறது. நிரப்பும்போதும் வெளியேற்றும்போதும் காற்றும் ஹைட்ரஜனும் ஒருபோதும் நேரில் சந்திக்கக் கூடாது. இடையில் கார்பன் டை ஆக்ஸைடை நிரப்பித் துரத்துவோம். தண்டு வெளியே வரும் இடத்தில், உள்வாயுவின் அழுத்தத்தைவிடச் சற்று உயர்ந்த அழுத்தத்தில் எண்ணெயைச் செலுத்தி அடைப்போம்.

ஸ்டேட்டர் அசையாதது, ஆகவே அங்கே தண்ணீரைச் செம்புக்குள்ளேயே அனுப்பலாம். சுருளின் கம்பிகளில் சில உள்ளீடற்றவை. அவற்றின் வழியே கனிமம் நீக்கிய தண்ணீர் ஓடுகிறது. ரீவைண்டிங் நண்பர் சொன்ன வார்னிஷ், தாள் என்ற தடைகள் எல்லாவற்றையும் கடக்காமல், வெப்பம் பிறந்த இடத்திலேயே அதை வாங்கிவிடுகிறோம். உயர் மின்னழுத்தத்தில் இருக்கும் செம்பைத் தொட்டுக்கொண்டு ஓடும் தண்ணீர் என்பதால், அதன் மின்கடத்தும் திறன் மிகமிகக் குறைவாக இருந்தாக வேண்டும். அயனிப் பரிமாற்றிகள் ஓயாமல் அதைச் சுத்தம் செய்கின்றன. தண்ணீரின் அழுத்தம் ஹைட்ரஜன் அழுத்தத்தைவிடக் குறைவாகவே வைக்கப்படும். எங்காவது மயிரிழை விரிசல் விட்டால் ஹைட்ரஜன் தண்ணீருக்குள் போகும், தண்ணீர் மின்காப்புக்குள் வராது. தண்ணீர்த் தொட்டியின் மேற்புறத்தில் ஹைட்ரஜன் சேர்கிறதா என்று பார்த்தே கசிவை அறிந்துகொள்கிறோம். அதைவிட மெதுவாக வரும் தீங்கு செம்பு ஆக்ஸைடு. தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜனை மிகக் குறைவாகவோ போதுமான அளவு அதிகமாகவோ வைத்துக்கொண்டால் செம்பு அமைதியாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் விட்டால் ஆக்ஸைடு துகள்கள் உதிர்ந்து, சில மில்லிமீட்டர் மட்டுமே உள்ள அந்தத் துளைகளை அடைக்கும். ஒரு கம்பியின் வெளியேற்றத் தண்ணீர் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மூன்று டிகிரி சூடாக வந்தாலே நாங்கள் விழித்துக்கொள்வோம்.

நீர்மின் ஜெனரேட்டர்கள் மெதுவாகச் சுற்றுபவை, விட்டம் பெரியவை. துருவங்களே விசிறிபோல் காற்றைத் தள்ள, ஸ்டேட்டரைச் சுற்றி அமைந்த நீர்க்குளிர்விப்பான்களில் அந்தக் காற்று ஆறித் திரும்பும். மிகப் பெரியவற்றில் ஸ்டேட்டருக்குத் தண்ணீர் உண்டு.

ஆக, உங்கள் மோட்டாருக்கு ஹைட்ரஜன் ஏன் இல்லை என்றால், அது தேவைப்படும் அளவுக்கு அங்கே மேற்பரப்பு பற்றாமல் போகவில்லை. அடைப்பான், எண்ணெய், வாயு அளவி என்று அத்தனையும் சுமக்க ஒரு கிலோவாட் இழப்பு நியாயமாகாது.

கேள்வியாளர்

இத்தனை பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. தூய்மை 2 சதவீதம் குறைந்தால் அடர்த்தி 27 சதவீதம் ஏறும் என்ற கணக்கை நானும் தாளில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

பிளோயர் பொருத்தியாயிற்று. முதல் இயக்கத்தில் தாள் துண்டு ஃபின்களின் மேல் பறக்கவில்லை, வெறுமனே நடுங்கியது. இரண்டு கட்டங்களை மாற்றிப் போட்டதும் நேராக நீண்டு பறந்தது. சொல்லியிருக்காவிட்டால், ஓசையைக் கேட்டே நிறைவடைந்திருப்பேன். 18 ஹெர்ட்ஸில் 36 டிகிரி அறை வெப்பத்தில் ஆறு மணி நேரம் ஓட்டிய பின் மின்தடை 0.306 ஓம், அதாவது 97 டிகிரிக்குச் சற்றுக் கீழே. காற்றோட்ட ஸ்விட்சை டிரைவின் தொடக்க அனுமதியோடு இணைத்துவிட்டேன். பிளோயரின் வலையைத் துடைப்பதை வாரப் பணிப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

பல நாள் 140 டிகிரிக்கு ஏறி இறங்கிய மோட்டார் இது. இனி இதில் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

பதில்: ரீவைண்டிங் பட்டறை

மகிழ்ச்சி. 97 டிகிரி என்றால் சுருளைப் பற்றிய கவலையை விடுங்கள். மின்காப்புத் தடையை ஒருமுறை மெகரால் அளந்து குறித்துவையுங்கள், மூன்று மாதம் கழித்து அதே வெப்பநிலையில் மறுபடி அளந்து ஒப்பிடலாம்.

பார்க்க வேண்டியது பேரிங்கில் உள்ள கிரீஸ். பேரிங் 70 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸின் ஆயுள் பாதியாகும் என்று கணக்கிடுவோம். விசிறி மறுமுனையில் இருப்பதால், காற்று கடைசியாக, ஏற்கெனவே சூடேறியே வந்து சேரும் இடம் கன்வேயர் பக்கத்துப் பேரிங். அடுத்த நிறுத்தத்தில் அந்தப் பக்க மூடியைத் திறந்து, கிரீஸை விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள். கறுத்து, எண்ணெய் பிரிந்து, மெழுகுபோல் ஒட்டினால் மேலே புதிதாக அடைக்க வேண்டாம். முழுவதும் கழுவி எடுத்துவிட்டு, அதே வகைக் கிரீஸைப் பேரிங்கைச் சுற்றியுள்ள இடத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மட்டும் நிரப்புங்கள்.